சாக்கடை சொல்லும் சரித்திரம்

2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் தொடக்கம். காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீதியிலே விழாக் கூட்டம் காணவேண்டிய வேளையில், மருத்துவமனையிலே நோயாளர் கூட்டம் கண்டோம். வாந்தி, பேதி! நூற்றுக்கணக்கானோர் சுருண்டு விழுந்தனர். எடுத்துச் சோதித்த மாதிரிகள் சிலவற்றில் காலராக் கிருமி இருப்பது தெரிந்தது. புதுவை அரசின் சுகாதாரத் துறை பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாள் மூடப்பட்டன. உணவகங்களில் காய்ச்சிய நீரே தரவேண்டுமென்று கட்டளை பிறந்தது.

நோய் வந்த வழி யாது? குடிநீர்! பழைய குழாய்கள் பழுதுபட்டிருந்தன. கழிவுநீர் அவற்றிலே கலந்தது. ஊர் வெளியே தள்ளிய அழுக்கை ஊரே மீண்டும் குடித்தது.

காலரா, நம் பாட்டன்மார் காலத்து நோய் என்று எண்ணியிருந்தோம். நிலவுக்குக் கருவி அனுப்பிய நாட்டில், இருபத்தோராம் நூற்றாண்டின் இருபத்திரண்டாம் ஆண்டில், ஒரு நகரம் காலராவுக்காகக் கதவடைத்தது. இதனை விதி என்று விட்டுவிடுவதா? பருவத்தின் கோளாறு என்று பேசி மறப்பதா? ஆராய்ந்து பார்ப்பதே பகுத்தறிவாளர் கடமை. மன்னர்தம் போரையும் மணத்தையும் மனப்பாடம் செய்த நாம், ஒரு முறையேனும் சாக்கடையின் சரித்திரத்தைப் படித்துப் பார்ப்போம். ஓர் ஊரை ஆண்டவர் யார், ஆளப்பட்டவர் யார், இழிவு சுமந்தவர் யார் என்ற மூன்றையும் ஒருங்கே சொல்லும் சரித்திரம் அது.

அறிந்திருந்த இனம்

கழிவுநீரை வழிப்படுத்தும் கலை தமிழனுக்குப் புதிதன்று. புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் அவற்றோடு இணைந்த வடிகால்களும் வெளிப்பட்டன. ரோம நாட்டுடன் வணிகம் நடத்திய துறைமுகம் அது. கீழடியிலோ சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் கிடைத்துள்ளன. மணிமேகலைக் காப்பியம், வஞ்சி நகரின் வீடுகளிலிருந்து குளித்த நீர் மறைவான வாய்க்கால் வழியே சென்று அகழியில் விழுந்ததைப் பேசுகிறது. நிலத்தடி வழிக்குச் 'சுருங்கை' என்று பெயரும் இருந்தது நம் மொழியில். பொருள் இல்லாமல் சொல் பிறக்குமா?

பழம்பெருமை பேசிப் பசியாற அன்று இதனைக் கூறுவது. அறிந்திருந்த இனம் மறந்தது எவ்வாறு என்று கேட்பதற்காகவே கூறுகிறோம்.

நீரைத் தூய்மையாக்க வேண்டிய அறிவு, மனிதரைத் தூயவர் என்றும் தீட்டுடையவர் என்றும் பிரிப்பதில் செலவாயிற்று. அழுக்கை அகற்றும் பணி ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டது. அகற்றுவதற்கு ஆள் இருக்கும்போது, அகற்றும் வழியை ஆராய்வானேன்? கூலி கொடாமலும், கொடுத்தால் மிச்சச் சோறு கொடுத்தும் வேலை வாங்க முடிந்த நாட்டில் குழாய் எதற்கு, பொறி எதற்கு? சாதி, சாக்கடைப் பொறியியலின் கழுத்தை நெரித்தது.

நோய்க்கும் காரணம் தேடவில்லை. பேதி வந்தால் அம்மன் சீற்றம் என்றனர். கூழ் ஊற்றினர், வேப்பிலை கட்டினர், ஊர் எல்லையில் ஆடு வெட்டினர். அம்மன் குளிர்ந்தாளோ இல்லையோ, குளத்து நீர் மட்டும் மாறவில்லை. அதே குளத்தில் துணி துவைத்து, அதே குளத்தில் குடம் நிறைத்தனர்.

மேனாட்டான் அறிவாளியாகப் பிறந்துவிட்டான் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! அவனும் அஞ்சினான், பிரார்த்தித்தான், செத்தான். 1832-ஆம் ஆண்டு காலரா பாரிஸ் நகரில் பதினெட்டாயிரம் பேருக்கு மேல் கொன்றது. நாட்டின் பிரதமர் கசிமீர் பெரியேவும் அந்நோய்க்கே இரையானார். ஆனால் அவன் கேட்டான்: ஏன்? லண்டனில் ஜான் சுனோ என்ற மருத்துவர் 1854-இல் வீடு வீடாகச் சென்று, இறந்தோர் எந்தக் குழாயில் நீர் எடுத்தனர் என்று கணக்கெடுத்தார். பிராட் தெருவின் நீரேற்றுக் குழாயே நஞ்சு என்று காட்டினார். அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. 1858-இல் தேம்சு ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தபோது, ஆட்சியாளர் விழித்தனர். பசல்கெட் என்ற பொறியாளர் நகருக்கடியில் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார். 1884-இல் ராபர்ட் கோக், நம் கல்கத்தாவுக்கே வந்து, அங்கே குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். அம்மன் மீது சாட்டியிருந்த பழியை நுண்பெருக்காடி துடைத்தது!

இரண்டு பாரிஸ்

பாரிசிலும் பணி நடந்தது. ஒஸ்மான் நகரை இடித்துக் கட்டிய காலத்தில், பெல்கிரான் என்ற பொறியாளர் வீதிகளுக்கடியில் இன்னொரு நகரம்போல் சாக்கடைகளை அமைத்தார். 1867-இல் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தபோது, அரண்மனையைப் பார்ப்பதுபோல் மக்கள் சாக்கடையைச் சுற்றிப் பார்த்தனர். பிறகு 1894-இல் ஒரு சட்டம், பாரிஸ் வீடுகளின் கழிவெல்லாம் நேரே பாதாளச் சாக்கடைக்குள் சென்றாக வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்தியது.

அதே பிரான்சின் மூவண்ணக் கொடிதான் காரைக்காலிலும் பறந்தது. 1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பெற்ற காரைக்காலை, இடையிடையே ஆங்கிலேயரிடம் இழந்தும் மீட்டும், 1954 வரை பிரான்சு ஆண்டது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல்! தாய்நாட்டில் நிலத்துக்கடியில் நகரமே கட்டியவன் இங்கே என்ன கட்டினான்? புதுவைக்குச் சென்று பாருங்கள். கடலோரத்தில் வெள்ளையர் பட்டணம்; உட்புறம் கறுப்பர் பட்டணம்; இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வாய்க்கால். மழைநீரும் கழிவுநீரும் ஓடிய அவ்வாய்க்காலே இனங்களின் எல்லைக்கோடு. சாக்கடையையே மதிலாக்கிய ஆட்சி அது!

ஆயினும் ஒன்றை மறுக்கலாகாது. 1880-ஆம் ஆண்டு மார்ச்சு 12 அன்று வெளிவந்த ஆணை, பிரெஞ்சிந்தியாவைக் கொம்யூன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நகர்மன்றத்தைத் தந்தது. காரைக்கால் ஒரு கொம்யூன் ஆயிற்று. மன்றம் கூடும் இடம் 'மேரி' எனப்பட்டது, தலைவர் மேயர். ஊரின் நலவாழ்வைக் காப்பது மேயரின் கடமை என்பது பிரெஞ்சு நகராட்சிச் சட்டத்தின் அடிப்படைக் கருத்து. 1884-ஆம் ஆண்டு பிரான்சில் நிறைவேறிய சட்டம் அதனை விளக்கமாகவே எழுதியது. கருத்து உயர்ந்தது. ஆனால் இங்கே வாக்காளர் பட்டியல் பிறப்பின்படி பிரிக்கப்பட்டது. விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல்; ஆயிரக்கணக்கான தமிழருக்கு வேறு பட்டியல். சமத்துவம் என்று சுவரில் எழுதிய ஆட்சி, வாக்குப் பெட்டியில் வருணம் பார்த்தது. அந்த மன்றத்திலும் உயர்சாதிச் செல்வரே இடம் பிடித்தனர். மலம் சுமந்தவர் மன்றத்தில் அமரவில்லை. சுமந்தவர் அமராத மன்றத்தில் சுமையைப் பற்றிப் பேசுவார் யார்?

ஆங்கிலேயர் ஆண்ட சென்னையின் கதை வேறா? சென்னையின் கழிவுநீரை எவ்வாறு அகற்றுவது என்று காப்டன் டல்லக் 1865-இலேயே எழுதி வைத்தார். நகர் முழுவதற்குமான திட்டம் நிலத்தில் இறங்கியதோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேட்லி என்ற பொறியாளர் காலத்தில். அறிவு வந்து சேர்ந்த பின்னும் அரை நூற்றாண்டு காத்திருந்தது காசுப் பெட்டி!

இவற்றுக்கு நடுவே ஈரோட்டையும் நினைக்கிறோம். நகராட்சித் தலைவராயிருந்து 1919-இல் அப்பதவியைத் துறந்தவர் தந்தை பெரியார். அவர் தலைமைக் காலத்தில்தான் காவிரி நீரைக் குழாய் வழியே ஊருக்குள் கொண்டுவரும் திட்டம் உருப்பெற்றது. சாதி ஒழியவேண்டும் என்று பின்னாளில் மேடைதோறும் முழங்கியவர், முதலில் ஊராருக்குக் குழாயில் நீர் தந்தவர். தெருக்குழாய்க்குத் தீட்டுத் தெரியாது. அக்ரகாரத்துக்கும் சேரிக்கும் ஒரே நீர் ஓடும் குழாய், ஆயிரம் சொற்பொழிவுக்குச் சமம்.

கடைமடையின் கணக்கு

காரைக்காலின் நிலத்தைக் கவனியுங்கள். காவிரியின் கடைமடை அது. அரசலாறு ஊரை ஒட்டி ஓடிக் கடலில் கலக்கிறது. திருமலைராயன் ஆறு, நூலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு என்று கிளைகள் பல. நிலம் தட்டைத் தாம்பாளம்போன்றது. கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயரம். நிலத்தடி நீரோ சற்றே தோண்டினால் கண்ணுக்குத் தெரியும்.

கழிவுநீர் ஓடுவதற்குச் சரிவு வேண்டும். சரிவில்லாத நிலத்தில் அது தேங்கும், தேங்கினால் புழுக்கும், கொசு பிறக்கும், மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஆறுகள் நிறைந்திருக்கும். கடல் ஓதம் எதிர்த்துத் தள்ளும். வடிகால் வாய்க்கால் வந்த வழியே திரும்பும். எனவே கடைமடை நகரில் கழிவுநீர் தானாக ஓடாது. ஆங்காங்கே கிணறுகளில் திரட்டி, எக்கிகளால் மேலேற்றி, சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளவேண்டும். அதற்குப் பணம் வேண்டும், மின்சாரம் வேண்டும்; அனைத்துக்கும் மேலாக நாள்தோறும் கவனம் வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி காரைக்கால் நகராட்சியில் 86,838 பேர். அத்தனை பேரின் கழிவும் எங்கேனும் போய்த்தானே ஆகவேண்டும்!

சரி, தேங்கிய சாக்கடை குடிநீர்க் குழாய்க்குள் எப்படி நுழைகிறது? மந்திரம் ஏதுமில்லை. நம் நகரங்கள் பலவற்றில் குழாயில் இரவு பகலாக நீர் ஓடுவதில்லை. குறித்த வேளையில் மட்டும் திறந்துவிடுகின்றனர். ஓடும்போது நீரின் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். நிறுத்தியதும் அழுத்தம் அற்றுப்போகும். துருப்பிடித்த குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போதும். வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் காலையில் முதற்குடம் பிடிக்கும் தாய், தன் குழந்தைக்கு நோயையும் சேர்த்தே பிடிக்கிறாள். இதற்காகத்தான் நீரில் குளோரின் கலக்கின்றனர். மேல்நிலைத் தொட்டியில் கலந்தால் போதாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிறுவனத்தின் அளவு.

இங்கே இன்னொரு சிக்கல். குடிநீர்க் குழாய் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. தெருச் சாக்கடை நகராட்சியின் பொறுப்பு. இரண்டும் ஒரே மண்ணுக்குள் ஒன்றையொன்று உரசிக் கிடக்கின்றன. இரண்டின் கோப்புகளோ வேறு வேறு அலுவலகங்களில் கிடக்கின்றன. மண்ணுக்குள்ளே கலப்பதைத் தடுக்க வேண்டுமானால், மேசைமேல் கோப்புகள் கலந்தாக வேண்டும். அவற்றை ஒரே மேசைக்கு அழைக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஊராரின் வாக்குப் பெற்ற மன்றத்துக்குத்தான் உண்டு.

மன்றம் எங்கே?

அந்த மன்றம் என்ன ஆயிற்று? 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி இணைப்பு முற்றுப்பெற்றது. 1968-இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1973-இல் புதுவை நகராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. பிறகு? முப்பத்தெட்டு ஆண்டு மௌனம்! 1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம், நகராட்சிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்றது. பொதுச் சுகாதாரமும் துப்புரவும் நகராட்சிக்குரிய பணிகளென்று பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதியது. அதன் பின்னும் பதின்மூன்றாண்டு கடந்து, 2006-இல்தான் வாக்குப் பெட்டி வந்தது. 2011-இல் அம்மன்றத்தின் காலம் முடிந்தது. 2022-இல் காலரா வந்து கதவைத் தட்டியபோது, காரைக்காலில் மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றம் இல்லை. அயலான் 1880-இல் குறையோடு கொடுத்த மன்றம், நம்மவர் ஆட்சியில் முழுமை பெற்றிருக்க வேண்டும். இல்லாமலே போயிற்று!

"தேர்தல் நடந்துவிட்டால் சாக்கடை தானே ஓடிவிடுமா?" என்று கேட்போர் உண்டு. ஓடிவிடாது. தேர்ந்தெடுத்த மன்றங்களிலும் தூங்குவோர் உண்டு. ஒப்பந்தத்தில் விழிப்போரும் உண்டு. ஆனால் வார்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கள் தெருவுக்கு வந்து மூக்கைத் திறந்து நில்லும்" என்று அழைக்கலாம். வாராதவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆணையில் வந்து ஆணையில் செல்லும் அதிகாரியை அவ்வாறு அனுப்ப நம்மால் இயலுமா?

இறங்குபவர் யார்?

பாதாளச் சாக்கடை வந்துவிட்டாலே பகுத்தறிவு வந்துவிட்டதாகவும் பொருளில்லை. குழாய் அடைத்துக்கொண்டால் திறப்பவர் யார்? குழிக்குள் இறங்குபவர் யார்? பெயரையும் முகத்தையும் கேட்க வேண்டா. சாதியைக் கேட்டாலே விடை கிடைக்கும். தேங்கிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவளி எழுகிறது. குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாறும். மிகுந்தாலோ மூக்கே மரத்துவிடும், நாற்றம் தெரியாது. ஆபத்து அகன்றதென்று எண்ணும் நொடியிலே உயிர் அகலும்.

மனிதர் கையால் மலம் அள்ளுவதை 1993-இல் ஒரு சட்டம் தடுத்தது. தடுத்தும் நின்றபாடில்லை, 2013-இல் மற்றொரு சட்டம் வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சரி. சாவு ஏன் தொடர்ந்தது? உயிருக்கு விலை கூறுமளவு முன்னேறிய நாடு, உயிரைக் காக்கும் பொறியை வாங்கத் தயங்குவதேன்? செத்தவர் எந்தத் தெருவினர் என்பதில் இருக்கிறது விடை.

ஆயினும் நச்சுவளி எல்லாக் காலமும் ஒரே தெருவில் தங்கியிருக்குமா? 2024 ஜூன் 11 அன்று புதுவை ரெட்டியார்பாளையத்தின் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் நச்சுவளி வீட்டுக் கழிப்பறை வழியே மேலெழுந்தது. பள்ளிச் சிறுமி ஒருத்தி உட்பட மூன்று பெண்கள் மாண்டனர். குழிக்குள் இறங்கியவரல்லர் அவர்கள். தம் வீட்டுக் கழிப்பறைக்குச் சென்றவர்கள்! வீட்டுக் குழாயும் தெருக் குழாயும் சேருமிடத்தில் நீர் தங்கும் ஒரு வளைவு, வளி திரும்பாமல் தடுக்கும். சிறிய வளைவுதான்; அதைச் சரிபார்ப்பதும் ஆட்சிதான். குழிக்குள் சாகும் துப்புரவுத் தொழிலாளிக்காக அன்றே நாம் கொதித்தெழுந்திருந்தால், வீட்டுக்குள் செத்த அந்தச் சிறுமியும் பிழைத்திருக்கக்கூடும்.

சனியும் சாக்கடையும்

காரைக்காலுக்கு அருகே திருநள்ளாறு. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனி இடம்பெயர்கிறாராம். 2023 டிசம்பரில் பெயர்ந்தபோதும் நாடெங்குமிருந்து கூட்டம் திரண்டது. நளதீர்த்தத்தில் முழுகி, உடுத்த துணியை அங்கேயே விட்டுச் சென்றால் தோஷம் தொலையுமென்று நம்புகின்றனர். துணி மலையாகக் குவிகிறது. விட்டவரின் தோஷம் தொலைந்ததோ, அறியோம். வாரி அள்ளுபவரின் தோஷம் எப்போது தொலையும் என்று எவரும் கேட்பதில்லை. பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்து, காவலும் பேருந்தும் தவறாமல் ஏற்பாடு செய்யத் தெரிகிறது நம் ஆட்சிக்கு. சனி பெயர்வதற்கு நாள் தவறுவதில்லை. நகர்மன்றத் தேர்தலுக்குத்தான் நாள் கிடைப்பதில்லை!

இளைஞர்களே! வானத்துச் சனி நம் வயிற்றைக் கெடுக்கவில்லை. தெருவோரத்து ஓட்டைக் குழாய் கெடுத்தது. அதற்குப் பரிகாரம் எள்விளக்கன்று. உங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் எங்கே செல்கிறது, சாக்கடை எங்கே செல்கிறது, இரண்டும் எங்கே குறுக்கிடுகின்றன என்று ஒரு வரைபடம் எழுதுங்கள். சுனோ என்ற ஒற்றை மருத்துவர் செய்ததைப் பத்து இளைஞர் சேர்ந்தால் செய்ய இயலாதா? கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு என்று கேளுங்கள்; அந்தக் கணக்கைத் தெருமுனையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மலக்குழி திறக்கப்படும் இடத்தில் நின்று, மனிதன் இறங்கினால் தடுங்கள். பொறி வரட்டும் என்று உரைத்து, வரும்வரை நில்லுங்கள். நகர்மன்றத் தேர்தலை உரிமையாகக் கேளுங்கள்; அம்மன்றத்தில், இதுகாறும் சாக்கடை சுமந்தவரின் மகளும் மகனும் தலைவராக அமரும் வரையில் கேளுங்கள்.

அரிக்கமேட்டின் செங்கல் வடிகால் மண்ணுக்குள் புதைந்தும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு அழியாமல் இருந்தது. நாம் கட்டப்போவது அத்தனை காலம் நிற்காவிட்டாலும் போகட்டும். காரைக்காலின் குழந்தை நாளைக் காலையில் குடிக்கும் ஒரு குவளை நீர் தூய்மையாக இருக்கட்டும். அதைத் தூய்மையாக வைப்பதற்காக எந்த மனிதனும் குழிக்குள் இறங்காதிருக்கட்டும்.